இதை எங்கே பிடிப்பது?

பொங்கல் முடிந்ததும் கோவையில் ஒரு பருவம் தொடங்கிவிடும். இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்துகொண்டு கணபதி, ஆவாரம்பாளையம், சிட்கோ என்று பட்டறை பட்டறையாக ஏறி இறங்குவார்கள். கையில் செல்போன், அதில் ஒரு முப்பரிமாணப் படம். விரலால் தேய்த்தால் சுழலும். டர்னர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை உற்றுப் பார்ப்பார். பிறகு அவர் கேட்கிற முதல் கேள்வி எல்லாப் பட்டறையிலும் அநேகமாக ஒன்றுதான்.

"இதை எங்க புடிக்கறதுங்க தம்பி?"

அவர் கேட்பது பிடிமானத்தை. லேத்தின் சக் எந்த இடத்தைக் கவ்வும், கவ்வின இடத்தைப் பிறகு எப்படிக் கடைவது, திருப்பிப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே மையத்தில் சுழலுமா என்று அந்த ஒரு கேள்விக்குள் பல கேள்விகள் இருக்கின்றன. திரையில் பொருள் அந்தரத்தில் மிதக்கிறது, யாரும் அதைப் பிடிக்க வேண்டியதில்லை. பட்டறையிலோ பிடிக்காமல் ஒரு சீவல்கூட எடுக்க முடியாது. வடிவமைப்பும் உற்பத்தியும் படிக்கிற மாணவர் பழக வேண்டிய முதல் திறமை, டர்னர் கேட்பதற்கு முன்பே இந்தக் கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்வதுதான். பல வருடம் டிசைன் வேலையில் இருந்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். சாலிட்வொர்க்ஸும் மற்ற மென்பொருள்களும் இதற்கு அடுத்தபடிதான்.

கோவைக்குப் பழக்கமான பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மோனோபிளாக் பம்பின் ஷாஃப்ட். நடுவில் ரோட்டார், அதற்கு இரண்டு பக்கமும் பேரிங், ஒரு முனையில் இம்பெல்லர். பேரிங் 6205 என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. இரண்டு பேரிங் உட்காரும் இடங்களும் ஒரே அச்சில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் பம்பு அதிரும், பேரிங் சீக்கிரம் சத்தம் போடும். ஒரு பக்கத்தைச் சக்கில் பிடித்துக் கடைந்து, கழற்றி, திருப்பிப் பிடித்து மறுபக்கத்தைக் கடைந்தால், மூன்று தாடைச் சக்கில் மையம் கொஞ்சமாவது விலகும். அதனால்தான் அனுபவசாலி டர்னர் முதலில் இரண்டு முனைகளையும் ஃபேஸிங் செய்து, சென்டர் ட்ரில் போட்டு, இரண்டு சென்டர்களுக்கு நடுவே ஷாஃப்டை நிறுத்திக் கடைவார். பிறகு கிரைண்டிங்குக்குப் போகும்போதும் அதே இரண்டு சென்டர் குழிகளில்தான் அது சுழலும். எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் அச்சு மாறாது.

மாணவர் கொண்டுவரும் படத்தில் அந்தக் குழிகள் இருக்காது. முனை வழவழவென்று தட்டையாக இருக்கும். அந்த முனையில் குழி இருந்தால் உங்களுக்குப் பரவாயில்லையா என்பதை வரைபடத்தில் நீங்கள்தான் எழுத வேண்டும். இம்பெல்லரை இறுக்க முனையில் மரை ஓட்டை போடப் போகிறீர்கள் என்றால், அதன் வாயில் 60 டிகிரிச் சரிவு கொடுத்துவிடுங்கள், அதுவே சென்டராக உதவும். இப்படிச் சின்னதாக ஒன்றைச் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், டர்னர் உங்களோடு பேசுகிற தோரணையே மாறிவிடும்.

அடுத்து அளவு அனுமதி, டாலரன்ஸ். என்னை அதிகம் வருத்துவது இதுதான். ஷாஃப்டின் எல்லா விட்டத்துக்கும் பக்கத்தில் ±0.01 என்று போட்டுக்கொண்டு வருவார்கள். ஏன் என்று கேட்டால் "துல்லியமா இருக்கட்டும்னுதான் சார்" என்பார்கள். துல்லியத்துக்கு விலை உண்டு. ±0.01 என்று எழுதின ஒவ்வொரு இடமும் லேத்தை விட்டு இறங்கி கிரைண்டிங் மிஷினுக்கு ஏற வேண்டியிருக்கும். இன்னொரு ஆள், இன்னொரு செட்டிங், இன்னொரு அளவுக்கருவி. எழுதும் முன் ஒவ்வொரு விட்டத்தையும் விரலால் தொட்டு, இந்த இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்று கேளுங்கள். ஒன்றும் உட்காரவில்லையென்றால் தாராளமாக விடுங்கள், அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலும் தண்ணீர் ஏறும். பேரிங் உட்காரும் இடத்துக்கு மட்டும் 25 கே6 என்று குறியுங்கள். 25 மி.மீ. விட்டத்துக்கு அதன் பொருள் +0.002 முதல் +0.015 வரை. மொத்த இடைவெளி 13 மைக்ரான். பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டை லேசாக இறுக்கிப் பிடித்து, அதோடு சேர்ந்தே சுழல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கண்டிப்பு. காரணம் தெரிந்து எழுதுகிற அளவுக்கு மரியாதை தானாகக் கிடைக்கும்.

பேரிங் வந்து முட்டி நிற்கும் தோள்பட்டையின் மூலை இன்னும் சுவாரஸ்யமானது. 6205-இன் விளிம்பு வளைவு குறைந்தது 1 மி.மீ. என்று கேட்டலாக் சொல்கிறது. உங்கள் ஷாஃப்டின் மூலை வளைவு அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பெரியதாக இருந்தால் பேரிங் வளைவின் மேல் ஏறி நின்றுவிடும், தோளில் முட்டாது. சரி, மூலையைக் கூராகவே விட்டுவிடலாமே என்றால், சுழலும் ஷாஃப்டில் களைப்பு விரிசல் ஆரம்பிக்கத் தேடும் இடமே அதுதான். கிரைண்டிங் செய்பவருக்கோ கல்லின் ஓரம் மூலை வரை போக முடியாது, அவருக்கு ஒரு சின்னப் பள்ளம் வேண்டும். பேரிங் தயாரித்தவர், கிரைண்டிங் செய்பவர், பொருளின் வலிமையைக் கணக்கிடுபவர் என்று மூன்று பேரின் தேவையும் ஒரு மில்லிமீட்டர் இடத்தில் வந்து மோதுகிறது. டிசைன் என்ற வேலை முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு மூலையை ஒரு வாரம் யோசித்தால் போதும் என்றுகூடச் சொல்வேன். களைப்பு முறிவைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிய மாணவர்கள்கூட இந்த மூலையில் ஒரு வளைவு குறிக்க மறந்து வருகிறார்கள். பாடமும் பொருளும் தனித்தனியாக நிற்பதால் வரும் மறதி அது.

சாவிக்காடி, அதாவது கீவே, போடுவதென்றால் புதிதாக அளவு கண்டுபிடிக்காதீர்கள். 22-க்கு மேல் 30 வரையிலான ஷாஃப்டுக்கு 8 மி.மீ. அகலச் சாவி, ஷாஃப்டில் 4 மி.மீ. ஆழம் என்று தரநிலையிலேயே இருக்கிறது. கடையில் கிடைக்கும். சர்க்ளிப், ஆயில் சீல், போல்ட், பேரிங் எல்லாம் கடையில் இருப்பதைச் சுற்றித்தான் உங்கள் அளவுகள் அமைய வேண்டும்.

பிடிப்பது தெரிந்துவிட்டது, அளவும் எழுதியாகிவிட்டது. எதால் அளப்பீர்கள்? கல்லூரியில் வெர்னியர் காலிப்பரைத் தொட்டிருப்பீர்கள். அது காட்டும் மிகச் சிறிய அளவு 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். நம் பேரிங் இருக்கையின் மொத்த இடைவெளியே 13 மைக்ரான்தான். வெர்னியரை வைத்து அந்த இடத்தைச் சரி என்றும் சொல்ல முடியாது, தப்பு என்றும் சொல்ல முடியாது. 25 முதல் 50 வரை அளக்கும் மைக்ரோமீட்டர் வேண்டும். எடுத்ததும் அதோடு வரும் 25 மி.மீ. ராடை வைத்துப் பூஜ்யத்தைச் சரிபார்க்க வேண்டும். முனைகளைத் துடைக்க வேண்டும். ராட்செட்டைத் திருகித்தான் மூட வேண்டும், கைப்பலத்தைக் காட்டினால் உங்கள் பலத்தையும் சேர்த்து அளந்து காட்டும். ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாமல் சுற்றிலும் மூன்று இடம், நீளவாக்கில் இரண்டு இடம் பாருங்கள். உருண்டையா, சரிவா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

சூட்டையும் மறக்கக் கூடாது. எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். இப்போதுதான் கடைந்து இறக்கிய ஷாஃப்ட் அறையைவிட 35 டிகிரி அதிகமாக இருந்தால், 25 மி.மீ. விட்டம் 10 மைக்ரான் பெரிதாகக் காட்டும். கையில் இருந்த 13-இல் 10 அங்கேயே போயிற்று. அந்தச் சூட்டில் அளந்து சரி என்று கழற்றினால், ஆறின பிறகு பேரிங் தளர்வாக ஓடலாம். உலகம் முழுக்க நீள அளவுகள் 20 டிகிரி வெப்பத்தில் இருப்பதாகத்தான் கொள்கிறார்கள். கோவைப் பட்டறையில் மார்ச் மாத மதியம் 35 டிகிரி இருக்கும். எஃகுப் பொருளும் எஃகுக் கருவியும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்து விரிவதால் பெரிய தொல்லை இல்லை. அலுமினிய ஹவுசிங் என்றால் அது எஃகைப்போல இரண்டு மடங்கு விரியும். 52 மி.மீ. பேரிங் ஓட்டை அந்த மதியத்தில் 9 மைக்ரான் அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். இந்தக் கணக்கைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த யாரும் போட்டுவிடலாம். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு போடத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

முதலாண்டுச் செய்முறை வகுப்பில் ஒரு மைல்டு ஸ்டீல் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவிச் சதுரமாக்கச் சொல்வார்கள். எல்லோரும் வெறுக்கும் வகுப்பு அது. கை வலிக்கும், மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நடுவில் மேடு தெரியும், ஓரம் எல்லாம் இறங்கியிருக்கும். இன்றைக்கு எந்தத் தொழிற்சாலையில் அரம் பிடிக்கப் போகிறோம் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நான் அந்த வகுப்பின் பக்கம்தான். தட்டை என்பது இயல்பாகக் கிடைப்பதல்ல, பாடுபட்டு வாங்குவது என்று கைக்கு உணர்த்த அரத்தை விட்டால் வேறு வாத்தியார் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் விட்வொர்த் பரப்பிய முறை ஒன்று உண்டு. மூன்று இரும்புத் தகடுகளுக்கு மாற்றி மாற்றி நீலம் தடவி, ஒன்றோடொன்று உரசி, நீலம் ஒட்டிய மேடுகளைச் சுரண்டிக்கொண்டே போவது. இரண்டு தகடு மட்டும் என்றால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருந்தாலும் கச்சிதமாகப் பொருந்திவிடும். மூன்றாவது தகடு வந்தால் அந்த ஏமாற்று எடுபடாது. எந்தத் தட்டையான பொருளின் துணையும் இல்லாமல் மூன்றும் சேர்ந்து தட்டையாகும். இதைப் படித்துவிட்டு ஒரு சர்ஃபேஸ் பிளேட்டைத் தொட்டுப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

மில்லிங் வேலைக்கு வருகிற படங்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது உள்மூலை. பாக்கெட்டின் நான்கு மூலையும் கூர்மையான 90 டிகிரி. கட்டர் உருண்டை. 10 மி.மீ. கட்டர் 5 மி.மீ. வளைவை விட்டுத்தான் போகும். கூர்மையே வேண்டுமென்றால் வயர் கட், ஸ்பார்க் எரோஷன் என்று செலவு வேறு பக்கம் போகும். ட்ரில் ஓட்டையின் அடி தட்டையாக இருக்காது, பிட்டின் முனை மாதிரிக் கூம்பாக இருக்கும். எம்8 மரைக்கு 6.8 மி.மீ. ஓட்டை போட வேண்டும், எம்10-க்கு 8.5. அடைபட்ட ஓட்டையில் மரை எவ்வளவு ஆழம் வேண்டுமோ அதைவிட ஓட்டை ஆழமாக இருக்க வேண்டும், ஏனென்றால் டேப்பின் நுனியும் சீவலும் போய் நிற்க இடம் வேண்டும். ஒரு தடவை நீங்களே டேப் பிடித்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று எண்ணெய் விட்டுத் திருகிப் பார்த்தால் இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. டேப் இறுகி முனகுவது விரலுக்குத் தெரிந்துவிடும். ஸ்பேனர் நுழைய இடமில்லாத மூலையில் போல்ட் வைத்த படங்களையும் நிறையப் பார்க்கிறேன். திரையில் போல்டை யாரும் இறுக்குவதில்லையே.

வார்ப்பு வேறு உலகம், அதைத் தனியாக எழுத வேண்டும். இருந்தாலும் கோவையில் படித்துக்கொண்டு ஒரு ஃபவுண்டரிக்குள் போகாமல் பட்டம் வாங்குவது பெரிய இழப்பு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதிரியை, அதாவது பேட்டர்னை, மணலிலிருந்து உருவும்போது மணல் உடையாமல் இருக்கச் செங்குத்துச் சுவர்களுக்கு ஒன்று முதல் மூன்று டிகிரி வரை சரிவு தேவை. சாம்பல் நிற வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் ஒரு சதவீதம் சுருங்கும், ஆகவே மாதிரி அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். பின்னால் கடைய வேண்டிய முகங்களுக்குச் சில மில்லிமீட்டர் கூடுதல் சதை வைக்க வேண்டும். பம்பின் உள்ளே தண்ணீர் சுழலும் வழி எப்படி வந்தது? அது மணலால் செய்த கோர். வார்ப்பு ஆறியதும் அதை உடைத்து வெளியே கொட்டுகிறார்கள். ஒரு இடத்தில் சுவர் தடிமனாகவும் பக்கத்திலேயே மெல்லியதாகவும் இருந்தால், தடித்த இடம் கடைசியில் இறுகி, உள்ளே ஓட்டை விழும். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. உடைத்துப் போட்ட கழிவு வார்ப்பைக் கையில் எடுத்துப் பஞ்சு போன்ற அந்த உட்பகுதியைப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

இந்த ஊர் இதையெல்லாம் நன்றாகவே உணர்ந்திருந்த ஊர். 1945-இல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்க முன்னின்ற ஜி.டி. நாயுடு, பொறியியல் படிப்புக்கு நான்கு வருடம் தேவையில்லை, கையால் செய்து படித்தால் இரண்டு வருடம் போதும் என்று வாதாடியவர். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல் தொடங்கியது, அதற்கு முன்பே 1926 முதல் அங்கே தொழில் நிலையம் இருந்தது. வகுப்பும் பட்டறையும் மாறி மாறி வரும் சாண்ட்விச் படிப்பில் மாணவர்கள் அங்கே உண்மையான பொருட்கள் செய்யப்படும் இடத்தில் வேலை பார்த்தார்கள். நாயுடு சொன்ன இரண்டு வருடக் கணக்கு எல்லாப் பாடத்துக்கும் பொருந்துமென்று நான் சொல்ல மாட்டேன், திரவ இயக்கவியலுக்கும் வெப்ப இயக்கவியலுக்கும் நேரம் வேண்டும். ஆனால் கை முதலில் என்ற அவருடைய பிடிவாதம் சரி.

இப்போது அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது மாணவர் பந்தயக் கார்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு நாடு முழுவதிலிருந்தும் மாணவர்கள் தாங்களே கட்டிய காரோடு வருகிறார்கள். வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. டிசைனுக்குத் தனி மதிப்பீடு, செலவுக்கும் உற்பத்திக்கும் தனி மதிப்பீடு. இந்த பிராக்கெட்டை ஏன் கடைந்து செய்தாய், தகட்டை வளைத்துச் செய்தால் என்ன என்று நடுவர்கள் கேட்பார்கள். அந்த அணிகளில் இருந்த மாணவர்களைப் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம். வெல்டிங் வைத்தால் ஃபிரேம் எந்தப் பக்கம் இழுக்கும், முதலில் எங்கெங்கே டேக் வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு பக்கம், செய்து வைத்த புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி, பெயிண்ட் அடித்து, வைவாவில் நிறுத்துகிற பழக்கமும் வளர்ந்திருக்கிறது. பெற்றோர் நகையை அடகு வைத்துக் கட்டிய கல்லூரிக் கட்டணத்தில், கைக்கு வந்திருக்க வேண்டிய ஒரே படிப்பையும் விற்றுவிடுகிறார்கள். இது எனக்கு மெய்யாகவே வலிக்கிறது. ஆட்டம் காண்கிற ஒரு சின்ன வைஸை நீங்களே செய்து கொண்டுபோங்கள். ஏன் ஆடுகிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால், பளபளவென்று வாங்கி வந்த இயந்திரத்தைவிட அது நூறு மடங்கு மேல்.

பட்டறைக்குப் போகும்போது சில காரியங்கள். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், சுழலும் சக்குக்குப் பக்கத்தில் அந்த நாடாவைப்போல ஆபத்தானது வேறில்லை. துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை, அவிழ்ந்த முடி எல்லாம் அப்படித்தான். லேத்தில் கையுறை போடக் கூடாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டு ஸ்விட்சைத் தொடக் கூடாது. சீவலைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கி இருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ. படத்தைச் செல்போனில் மட்டும் காட்டாமல் ஏ3 தாளில் பெரிதாக அச்செடுத்துக் கொடுங்கள், எண்ணெய்க் கையால் அதைத்தான் தொடுவார்கள். வரைபடத்துக்கு நம் நாட்டில் முதல் கோண முறை. மென்பொருள் அமெரிக்க வழக்கப்படி மூன்றாம் கோணத்தில் விட்டிருந்தால், இடப்பக்கக் காடி வலப்பக்கம் வந்துவிடும். தாளின் கீழ் மூலையில் முதல் கோணக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

பேச்சை "அண்ணா, இது எப்படிச் செய்வீங்க?" என்று தொடங்குங்கள், "இப்படிச் செஞ்சு குடுங்க" என்று தொடங்காதீர்கள். எட்டாவது படித்துவிட்டு லேத்தில் நின்றவர், படத்தைப் பார்த்ததும் எந்த வரிசையில் கடைவது என்று மனதுக்குள் ஓட்டிவிடுவார். அந்த வரிசையை அவர் வாயிலிருந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதை முதலில் பிடித்தார், எதை அடிப்படை முகமாக வைத்தார், எந்த இடத்தில் முகம் சுளித்தார். அவர் முகம் சுளித்த இடத்துக்குப் போய் உங்கள் டிசைனைத் திரும்பப் பாருங்கள்.

வீட்டில் பழுதான மிக்ஸியோ பழைய பம்போ இருந்தால் மின்சாரத்தை முழுதாகத் துண்டித்துவிட்டுக் கழற்றுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் அளந்து கையால் வரையுங்கள். எது வார்த்தது, எது கடைந்தது, எது அழுத்தி எடுத்தது என்று மேற்பரப்பைப் பார்த்தே கண்டுபிடிக்க முயலுங்கள். கடைந்த இடத்தில் டூலின் மெல்லிய வரிகள் தெரியும், வார்த்த இடத்தில் மணலின் சொரசொரப்பும் இரண்டு பெட்டி சேர்ந்த கோடும் தெரியும். அதை முதலில் செய்தவர் எங்கே பிடித்திருப்பார் என்று யோசியுங்கள்.

உங்கள் பாகம் பட்டறையிலிருந்து வந்ததும் நேரே அசெம்பிளிக்குக் கொண்டு போகாதீர்கள். வரைபடத்தின் ஒரு பிரதியை எடுத்து, ஒவ்வொரு அளவையும் மைக்ரோமீட்டராலும் வெர்னியராலும் அளந்து, நீங்கள் கேட்டதற்குப் பக்கத்தில் வந்ததைச் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள். எது தவறியும் பொருள் வேலை செய்கிறதோ அந்த இடத்தின் டாலரன்ஸை அடுத்த பதிப்பில் தளர்த்துங்கள். எது சரியாக இருந்தும் வேலை செய்யவில்லையோ அங்கே டர்னரிடம் கேட்க ஒன்றுமில்லை, டிசைனைத்தான் மாற்ற வேண்டும். அந்தச் சிவப்புத் தாளை மடித்து வைத்துக்கொண்டு வைவாவுக்குப் போங்கள். முதல் வேலைக்கான நேர்காணலுக்கும் எடுத்துப் போங்கள்.